உப்பு முதலில், மசாலா பிறகு: உலர் மசாலா தேய்த்து முழு வான்கோழி சுடுவதற்கான வழிகாட்டி

மயிலைப் பார்த்து வான்கோழி ஆடியதாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் சமையலறைகளில் அது கோழியைப் பார்த்து ஆடப்போய்த்தான் கெடுகிறது. கோழிக்கறிக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்கிறோம்: கைநிறைய மசாலா, இஞ்சி பூண்டு விழுது, தயிர், ஓர் இரவு ஊறல். மறுநாள் ஓவனிலிருந்து வெளியே வருவது கரிந்த தோலும், அதன் கீழே உப்பே தொடாத வெளுத்த சதையும். சாப்பிடுகிறவர்கள் குழம்பை ஊற்றி ஊற்றிச் சமாளித்துவிட்டு, வான்கோழி என்றாலே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

குற்றம் பறவையிடம் இல்லை. துண்டு போட்ட கோழி குழம்பில் வேகும்போது மசாலா எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்கிறது. ஐந்து கிலோ வான்கோழியின் நெஞ்சுக்கறியோ உள்ளங்கை அகலத்துக்குத் தடிமனானது. அதற்குள் தானாக நடந்து போகக்கூடியது உப்பு ஒன்றுதான். சீரகம், பட்டை, மிளகாய் இவற்றின் மணமும் காரமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. சதையில் முக்கால் பங்கு தண்ணீர். எனவே எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் அவை மேற்பரப்பை விட்டுச் சில மில்லிமீட்டர்கூடத் தாண்டுவதில்லை. உப்பின் வேலை சதைக்கு, மசாலாவின் வேலை தோலுக்கு. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து ஒரே நேரத்தில் தேய்ப்பதை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். கீழே உள்ள அளவுகள் ஐந்து கிலோ பறவைக்கானவை.

வாங்குவதும் உருக்குவதும்

நவம்பர் பிறந்ததும் கடைகளின் உறைபெட்டிகளில் வான்கோழி தலைகாட்டத் தொடங்கும். பெரிய பறவைக்கு ஆசைப்பட வேண்டாம். நான்கிலிருந்து ஆறு கிலோவுக்குள் இருந்தால் நம் வீட்டு ஓவனிலும் அடங்கும், நெஞ்சும் தொடையும் ஏறக்குறைய சேர்ந்து வேகும். பதினெட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் எட்டுக் கிலோ ஒன்றைவிட நான்கு கிலோ இரண்டு மேல்.

உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். உறைந்த கோழி வகைகளில் உப்புநீர் ஏற்றி விற்பது இந்த நாட்டில் வழக்கம். 2016-இல் வந்த விதி, முழுப் பறவைக்கு அதை 10 விழுக்காடு என்று கட்டுப்படுத்தியது. உப்புநீர் சேர்த்தது என்று குறிப்பு இருந்தால், நான் கீழே சொல்லும் உப்பில் பாதி போதும். இதைப் பார்க்காமல் முழு அளவு போட்டால் கறியைவிடக் குழம்புதான் முதலில் கெடும், ஏனென்றால் வடிகிற சாறெல்லாம் அதில்தான் சேர்கிறது.

உருக்குவதற்கு ஒரே நல்ல இடம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. இரண்டு, இரண்டரை கிலோவுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கு. ஐந்து கிலோவுக்கு இரண்டரை நாள், மூன்று என்று வைத்துக்கொள்வது நிம்மதி. அடியில் விளிம்பு உயர்ந்த தட்டு வேண்டும், நீர் வடியும். டிசம்பர் மாத டர்பன் புழுக்கத்தில் சமையல் மேடையில் வைத்து உருக்குவது பேச்சுக்கே இடமில்லாத காரியம்: உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளித்தோல் கெடத் தொடங்கிவிடும். நேரம் கைமீறிவிட்டால், உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் முழுக வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோவுக்கு அரை மணி நேரம் என்றால் ஐந்து கிலோவுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை சமையலறைத் தொட்டி உங்களுடையது இல்லை.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 2026-இல் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று கறி தொடாத வீடுகள் நம்மிடையே ஏராளம். அந்த ஆண்டு பறவையை மறுநாள் விடுமுறையான நல்லெண்ண நாளுக்குத் தள்ளிவைத்தால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. பறவைக்கும் ஒரு நாள் கூடுதலாக உப்பு ஊறும், அதனால் நன்மைதான்.

உப்பு: இரண்டு நாள் முன்பாக

உருகிய பறவையின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கழுத்தையும் உள்ளுறுப்புப் பொட்டலத்தையும் எடுத்துவிடுங்கள். பொட்டலம் சில பறவைகளில் கழுத்துப் பக்கத் தோலுக்கடியில் ஒளிந்திருக்கும். கழுவாதீர்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், மஞ்சள் போட்டு அலசாமல் கறியா என்று கேட்பார்கள். கிருமியைக் கொல்வது ஓவனின் சூடு. குழாயடியில் அலசினால் அந்தக் கிருமி தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரத்திலும் தெறிப்பதுதான் மிச்சம். காகிதத் துண்டால் உள்ளும் வெளியும் ஒற்றி எடுத்து, தோல் கையில் வழுக்காத அளவுக்கு உலர்த்துங்கள்.

ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் உப்பு. ஐந்து கிலோவுக்கு 45 கிராம் என்று வைத்தால் தவறாது. தூள் உப்பு என்றால் இரண்டரை மேசைக்கரண்டி. கல்லுப்பைக் கரண்டியால் அளக்க முடியாது, அதில் காற்றுதான் பாதி. தராசு இருந்தால் எந்த உப்பாக இருந்தாலும் கவலையில்லை. அதோடு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலக்கவும். தோலின் காரத்தன்மையை அது சற்று உயர்த்துவதால் தோல் சீக்கிரம் சிவந்து மொறுமொறுப்பாகும். சமையல் சோடா வேறு, அதைப் போட்டால் சோப்புச் சுவைதான் வரும்.

இப்போது தோலைத் தளர்த்த வேண்டும். கழுத்துப் பக்கமிருந்து விரல்களை நெஞ்சுக்கறிக்கும் தோலுக்கும் இடையே மெதுவாக நுழைத்து, கிழியாமல் தொடை வரை போங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுவது நல்லது. உப்பில் பாதியைத் தோலுக்கடியில் நெஞ்சிலும் தொடையிலும் தடவுங்கள், தடித்த இடத்துக்குச் சற்று அதிகமாக. கால் பங்கு வயிற்றுக்குள். மிச்சத்தைத் தோல்மேல் உயரத்திலிருந்து தூவினால் சீராக விழும். நேரே வைத்துத் தேய்த்தால் ஓரிடத்தில் குவிந்துவிடும்.

பிறகு மூடாமல் ஃபிரிட்ஜில், வேறு எதன்மேலும் சொட்டாதபடி அடித்தட்டில். முதல் சில மணி நேரத்தில் உப்பு சதையிலிருந்து நீரை வெளியே இழுக்கும். தோல் வியர்த்து நிற்பதைப் பார்த்துப் பயந்து துடைத்துவிடாதீர்கள். அந்த நீரில் உப்பு கரைந்து, மெல்ல மெல்லச் சதை அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். போகிற வழியில் சதையின் புரதக் கட்டுகளைத் தளர்த்துகிறது. தளர்ந்த கட்டு வேகும்போது இறுகிச் சாற்றைப் பிழிந்து தள்ளுவதில்லை. மூன்று மணி நேரம் சுட்டும் நெஞ்சுக்கறி சக்கையாகாமல் இருப்பது இதனால்தான். வெண்ணெயை மேலே ஊற்றிக்கொண்டே இருப்பதால் அல்ல. ஒரு நாள் குறைந்தபட்சம், இரண்டு நாள் சிறப்பு, மூன்றுக்கு மேல் வேண்டாம். இதற்குள் தோலும் காய்ந்து காகிதம்போல் ஆகியிருக்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

பண்டிகை நாளில் ஃபிரிட்ஜ் முழுக்கக் குளிர்பானமும் கேக்கும் ரவைச் சோஜியும்தான் இருக்கும் என்பது தெரிந்ததே. குளிர்பானங்களை ஐஸ் பெட்டிக்குத் துரத்துங்கள். அவை அங்கேயும் குளிரும்.

மசாலா: குழம்புக்குச் செய்தது ஓவனுக்கு ஆகாது

விக்டோரியா தெருச் சந்தையில் குவித்து வைத்திருக்கும் சிவந்த பொடிகளைப் பார்த்தாலே கை நீளும். மாமியாரைத் தீர்த்துக்கட்டும் மசாலா என்று பெயரே எழுதி வைத்திருப்பார்கள். டர்பன் குழம்புக்கு அவை பொருத்தம். எண்ணெயில் வதங்கி, தக்காளியில் கரைந்து, தண்ணீரில் கொதிப்பதற்காகச் சேர்த்தவை அவை. வறண்ட சூட்டில் மூன்று மணி நேரம் நிற்க நேர்ந்தால் கதை மாறிவிடும். மிளகாய் கறுத்துக் கசக்கும், வெந்தயம் இருந்தால் அதைவிடக் கசக்கும், மிக நைசான தூள் எல்லாம் மாவுபோல் அப்பிக்கொண்டு தோலை மொறுமொறுப்பாக விடாது. பிராய்க்கென்று, அதாவது கரித்தணலில் கறி சுடுவதற்கென்று, புட்டியில் விற்கும் மசாலாக்களில் பெரும்பாலும் உப்புதான் முதல் சரக்கு. ஏற்கெனவே உப்பிட்ட பறவைமேல் அதைத் தூவுவது வீண் வேலை.

ஆகவே இதற்கென்று தனியாக ஒரு பொடி, உப்பே இல்லாமல்:

மல்லி விதை – 3 மேசைக்கரண்டி
சீரகம் – 1 மேசைக்கரண்டி
சோம்பு – 1 மேசைக்கரண்டி
மிளகு – 1 மேசைக்கரண்டி
காஷ்மீரி மிளகாய்த்தூள் – 2 மேசைக்கரண்டி
பட்டை – சுண்டுவிரல் நீளம்
கிராம்பு – 5
ஏலக்காய் – 5
கறிவேப்பிலை – ஒரு கைப்பிடி
பூண்டுத்தூள் – 2 தேக்கரண்டி
சுக்குத்தூள் – 1 தேக்கரண்டி
மஞ்சள்தூள் – 1 தேக்கரண்டி
பழுப்புச் சர்க்கரை – 1 தேக்கரண்டி, விரும்பினால்

கறிவேப்பிலையை வெறும் சட்டியில் ஈரம் போகப் புரட்டி நொறுங்கும் பதத்தில் எடுத்துவிடுங்கள். அதே சட்டியில் மல்லியைச் சிறு தீயில் மணம் வரும் வரை, பிறகு சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு, ஏலக்காய். குழம்பு மசாலாவுக்கு வறுப்பதைவிடக் குறைவாக வறுக்க வேண்டும். மிச்ச வறுவல் ஓவனுக்குள் நடக்கப்போகிறது, இங்கேயே சிவக்க விட்டால் அங்கே கரிந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு கொரகொரப்பாகப் பொடியுங்கள், ரவை பதத்துக்குச் சற்று முன்னால். தூள் சரக்குகளை வறுக்காமல் கடைசியில் கலந்தால் போதும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது ஒரு பகலிலேயே கட்டிதட்டிவிடும், எனவே உடனே மூடியுள்ள புட்டியில் அடையுங்கள்.

பச்சைப் பூண்டும் இஞ்சியும் ஏன் இல்லை என்று கேட்கலாம். அவற்றின் ஈரம் தோலை அவித்துவிடும், பூண்டுத் துணுக்கு முதலில் கரியும். அவற்றுக்கு வயிற்றுக்குள் இடம் இருக்கிறது, குழம்பிலும் இருக்கிறது.

சர்க்கரையை நான் போடுவதில்லை. கரும்புக்காகத்தான் 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் மக்களை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் கணக்கில் நேட்டால் (டர்பன் இருக்கும் பகுதி) சமையலில் சர்க்கரைக்கு மரியாதை கூடத்தான் கிடைக்கும். ஆனால் அமெரிக்கச் செய்முறைகளில் வருவதுபோல் கால் கோப்பை கொட்டினால் மிளகாயோடு சேர்ந்து அது தோலைக் கறுப்பாக்கிவிடும். நிறத்துக்கு ஒரு தேக்கரண்டியே தாராளம்.

வீட்டில் காரம் பழகிய நாக்குகள் என்றால் மிளகைக் கூட்டுங்கள், மிளகாயைக் கூட்டாதீர்கள். மிளகு சூட்டை நன்றாகத் தாங்கும்.

தேய்க்கும் காலை

சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகப் பறவையை வெளியே எடுங்கள். இரண்டு நாள் முன்பு போட்ட உப்பைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம், அது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

பொடியில் இரண்டு மேசைக்கரண்டியைத் தனியாக எடுத்து, 100 கிராம் உப்பில்லாத மென்வெண்ணெயிலும் ஓர் எலுமிச்சைத் தோல் துருவலிலும் குழைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பரப்புங்கள். வெளியிலிருந்து தடவினாலே சீராகப் பரவும். கொழுப்பில் கரையும் மணங்கள் அங்கே வெண்ணெயில் கரைந்து, சதையின் மேற்பரப்பு முழுவதும் படியும். தோல் மேலே மூடியிருப்பதால் கரியவும் செய்யாது. மசாலாச் சுவை நாக்கில் நிற்பது பெரும்பாலும் இந்த அடுக்கினால்தான்.

வெளித்தோலுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய், பிறகு பொடி. ஒரு கையால் தூவுங்கள், மறுகையால் அழுத்துங்கள். தேய்த்து இழுத்தால் பொடி உருண்டையாகச் சேர்ந்து வரும். தோலின் நிறம் ஆங்காங்கே தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு போதும். தொடையின் உட்பக்கம், இறக்கையின் மடிப்பு, முதுகு எல்லாம் மறக்காமல். பறவையைத் தொட்ட கை போன பொடியை மறுபடி புட்டியில் கொட்டாதீர்கள். தேவையானதை முதலிலேயே கிண்ணத்தில் எடுத்துக்கொண்டால் புட்டியில் உள்ளது அடுத்த முறைக்குச் சுத்தமாக இருக்கும்.

வயிற்றுக்குள் பாதி வெங்காயம், நசுக்கிய இஞ்சி, நான்கைந்து பூண்டு, ஒரு இணுக்குக் கறிவேப்பிலை. நெருக்கி அடைக்காதீர்கள், காற்று ஓட வேண்டும். சோறோ ரொட்டியோ திணித்துச் சுடுவதை நான் விரும்புவதில்லை. உள்ளே இருப்பது பாதுகாப்பான சூட்டை எட்டும்போது நெஞ்சுக்கறி பஞ்சாகியிருக்கும். காலைக் கட்டுவதானாலும் தளர்வாகவே கட்டுங்கள்.

ஓவன்

பல செய்முறைகள் முதல் அரை மணி நேரம் 220 டிகிரியில் தொடங்கச் சொல்லும். வெண்ணெயும் இலைகளும் மட்டும் பூசிய பறவைக்கு அது சரி. மிளகாய் பூசிய பறவைக்கு அதைத் தலைகீழாக்க வேண்டும்: தொடக்கம் முதல் 165 டிகிரி செல்சியஸ், தோல் சிவக்கவில்லை என்றால் மட்டும் கடைசிப் பதினைந்து நிமிடம் 200. விசிறி உள்ள ஓவன் என்றால் 20 டிகிரி குறையுங்கள்.

தட்டில் இரண்டு வெங்காயத்தைத் தடித்த வில்லைகளாகப் பரப்பி, இரண்டு கோப்பை தண்ணீர் ஊற்றி, கம்பித்தட்டின்மேல் பறவையை நெஞ்சு மேலாக வையுங்கள். தண்ணீர் எதற்கென்றால், உதிரும் மசாலாவும் கொழுப்பும் காய்ந்த தட்டில் விழுந்து கரிந்தால் குழம்புக்கு அடித்தளமே போய்விடும். வற்றினால் இன்னும் அரைக் கோப்பை. கால்கள் ஓவனின் பின்பக்கம் இருக்கட்டும், அங்கேதான் சூடு அதிகம். ஒன்றரை மணி நேரத்தில் திறந்து பாருங்கள். நெஞ்சு வேண்டிய நிறத்துக்கு வந்திருந்தால் அதன்மேல் மட்டும் அலுமினியத் தாள் போடுங்கள். சாற்றை மொண்டு மொண்டு மேலே ஊற்ற வேண்டாம். அது மசாலாவைக் கழுவிக் கொண்டுபோகும், தோலையும் நமுத்துவிடும்.

ஐந்து கிலோவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்குங்கள், பறவையின் விலையில் அது சிறு பங்குதான். நெஞ்சின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள். அங்கே 74 டிகிரி, தொடையில் 80-ஐ ஒட்டி. நெஞ்சு 71-இல் இருக்கும்போது வெளியே எடுத்தால் ஓய்விலேயே மிச்சம் ஏறிவிடும், ஏறியதா என்று மறுபடி அளந்துகொள்ளுங்கள். சாறு தெளிவாக வருகிறதா என்று பார்க்கும் பழைய வழி ஏமாற்றும். ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருப்பவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அது 1,500 மீட்டருக்கும் மேலான உயரம், ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது, வேகவும் தாமதமாகும்.

டிசம்பரில் மூன்று மணி நேரம் ஓவனைக் கட்டி அழ முடியாது என்பவர்களுக்கும், மின்வெட்டுக்குப் பயந்தவர்களுக்கும் இரண்டு வழிகள். முதலாவது, முதுகெலும்பைக் கத்தரியால் வெட்டி எடுத்து, நெஞ்செலும்பை உள்ளங்கையால் அழுத்தி உடைத்துப் பறவையைத் தட்டையாக விரிப்பது. 200 டிகிரியில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், தோலும் முழுக்க மேல்பக்கம் இருப்பதால் மசாலா ஓர் அங்குலம்கூட வீணாகாது. இந்தச் சூட்டில் பூச்சு இன்னும் மெல்லியதாக இருக்கட்டும், அலுமினியத் தாளையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். மேசையில் முழுப் பறவையாகக் கொண்டுபோய் வைக்கும் பெருமை போய்விடும், அது ஒன்றுதான் குறை.

இரண்டாவது, மூடியுள்ள கெட்டில் பிராய். கரியை இரண்டு ஓரங்களிலும் ஒதுக்கி, நடுவே தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே பறவை. நேர் தீ எங்கும் படக் கூடாது. முக்கால் மணிக்கு ஒருமுறை இரு ஓரங்களிலும் சில கரித்துண்டுகள் சேர்த்தால் சூடு நிற்கும். புகையும் மல்லியும் மிளகும் சேர்ந்த மணம் வேறு எதிலும் வராது. வீட்டுக்குள்ளும் வெக்கை இல்லை. பிராய் அருகில் நிற்பதற்கு ஆண்கள் தாமாகவே முன்வருவார்கள் என்பது கூடுதல் லாபம்.

ஓய்வும் குழம்பும்

வெட்டுவதற்கு முன் முப்பது முதல் நாற்பது நிமிடம் சும்மா கிடக்கட்டும். இறுக மூடினால் ஆவியில் தோல் நமுத்துவிடும், தாளை மேலே தளர்வாகப் போர்த்தினால் போதும்.

அந்த இடைவெளி குழம்புக்குத்தான். தட்டுச் சாற்றை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டியை மட்டும் சட்டியில் விட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, வெந்துபோன அந்த வெங்காயத்தையும் இரண்டு தக்காளியையும் மசியும் வரை வதக்கி, சாற்றை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். கழுத்தை முன்பே வேகவைத்திருந்தால் அந்தத் தண்ணீரும் இதில் சேரலாம். உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு மட்டும். பெரும்பாலும் தேவைப்படாது. பாதி எலுமிச்சை பிழிந்தால் கொழுப்பின் கனம் குறையும்.

தொடையை மூட்டில் பிரித்து எடுங்கள். நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து முழுப் பாளமாக விடுவித்து, பிறகு இழைக்குக் குறுக்கே வெட்டுங்கள். அப்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு கீற்றுத் தோல் நிற்கும். மசாலா முழுவதும் அந்தக் கீற்றிலும் அதன் அடியிலும்தான் இருக்கிறது, தோலைத் தனியாக உரித்துத் தின்றுவிடும் பிள்ளைகள்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், வெயில் 32 டிகிரி தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்குள். மூன்று நான்கு நாள் தாங்கும். உதிர்த்த தொடைக்கறியை மீந்த குழம்பில் புரட்டி, முழு ரொட்டியில் கால் பங்கை வெட்டிக் குடைந்து உள்ளே நிரப்பினால் டர்பனின் பன்னி சவ். பிரியாணிக்கு என்றால் கறியைத் தம் போடும்போது மட்டும் சேருங்கள், ஏற்கெனவே வெந்தது. எலும்புக்கூட்டை உடைத்து, தோலில் ஒட்டிய மசாலாவோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, புளியும் தட்டிய மிளகு சீரகமும் பூண்டும் சேர்த்து ரசம் வையுங்கள். இதற்கு ரசப்பொடி வேண்டாம், மல்லியும் மிளகும் எலும்புச் சாற்றிலேயே இறங்கியிருக்கும்.